ராத்திரி பத்தரை மணி கோர்ட்: சாவின் வழக்கு நேரலையை முழுசா பாத்த அனுபவம்

எங்க வீட்ல டிவி ரிமோட் எப்பவும் அம்மா கையிலதான் இருக்கும். 2021 மார்ச் கடைசியிலேர்ந்து ஏப்ரல் 21 வரைக்கும் மட்டும் அது அப்பா கையில இருந்துச்சு. அந்த மூணு வாரமும் எங்க சிங்கப்பூர் ஈசூன் வீட்டு ஹால்ல ஓடினது சீரியலும் இல்ல படமும் இல்ல, அமெரிக்காவுல மினியாபோலிஸ் ஊர்ல நடந்த ஒரு கோர்ட் கேஸ். ஜார்ஜ் ஃபிளாய்ட் கழுத்துல முழங்காலை வச்சு அழுத்தின போலீஸ்காரர் டெரிக் சாவின் மேல நடந்த கொலை வழக்கு. அதை ஆரம்பத்துலேர்ந்து தீர்ப்பு வரைக்கும் நேரலையில போட்டாங்க, யூடியூப்ல காசு கட்டாம யார் வேணும்னாலும் பாக்கலாம். அந்த ரெக்கார்டிங் எல்லாம் இன்னும் இருக்கு. போன மாசம் என் சித்தி மக சட்டம் படிக்கப் போறேன்னு சொன்னப்போ "முதல்ல இதைப் பாரு"ன்னு சொன்னேன். என்ன இருக்கு அதுலன்னு கேட்டா, அவளுக்கு வாய்ஸ் மெசேஜ்ல சொல்லி முடியல, அதான் இங்க எழுதறேன்.

யார் நாங்கன்னு கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா இதை நாங்க எப்படிப் பாத்தோம்ங்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு. அப்பா ரிட்டையர் ஆன மாத்தா. முப்பது வருஷத்துக்கு மேல சிங்கப்பூர் போலீஸ்ல இருந்தவர். நான் ஸ்டாஃப் நர்ஸ், அந்த சமயத்துல கோவிட் வார்டு. அம்மா உடன்குடிக்காரங்க, கல்யாணம் ஆகி இங்க வந்தவங்க. ஒரே டிவியை நாங்க மூணு பேரும் மூணு விதமா பாத்தோம்.

நேரம் முதல்ல. அங்கயும் இங்கயும் 13 மணி நேரம் வித்தியாசம். அங்க காலையில கோர்ட் கூடும்போது இங்க ராத்திரி பத்து, பத்தரை. அங்க மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திரிக்கும்போது இங்க விடியக்காலை ஒண்ணேகால், ஒன்றரை. சாயந்திரம் கோர்ட் கலையும்போது நம்ம ஊர்ல முதல் எம்ஆர்டி ரயில் கிளம்பியிருக்கும். வேலைக்குப் போறவங்களுக்கு முழு நாளையும் நேரலையில பாக்கறது முடியாத காரியம். நான் காலை ஷிப்ட் இருந்தா மதிய இடைவேளை வரைக்கும் பாத்துட்டு படுத்திடுவேன், மிச்சத்தை மறுநாள் சாயந்திரம் ரெக்கார்டிங்ல பாப்பேன். அப்பா மட்டும் ஒரு நாள் விடாம முழுசா உக்காந்தார். பழைய நைட் டியூட்டி பழக்கம், கோப்பி ஓ ஒரு ஃபிளாஸ்க் போட்டு வச்சிடுவார்.

எந்த சேனல்ல பாக்கறதுங்கிறது முக்கியம். நிறைய பேர் அதே படத்தைத்தான் போட்டாங்க, ஏன்னா கோர்ட்டுக்குள்ள இருந்த கேமராவை எல்லா சேனலும் பங்கு போட்டுக்கிட்டாங்க. சில சேனல்ல சாட்சி பேசிட்டு இருக்கும்போதே ஸ்டூடியோவுல நாலு பேர் குறுக்க வந்து இது யாருக்கு சாதகம்னு பேச ஆரம்பிச்சிடுவாங்க. அப்பா ரெண்டாவது நாளே கடுப்பாகி அதை மாத்திட்டார். பேச்சு விளக்கம் எதுவும் இல்லாம வெறும் கோர்ட் மட்டும் ஓடுற சேனலைத் தேடிப் பிடிச்சோம். பாக்கப்போறவங்களும் அதையே தேடுங்க. முதல்ல போர் அடிக்கிற மாதிரி இருக்கும், வக்கீல் பேப்பர் தேடுறதைக் கூட பாத்துட்டு உக்காந்திருக்கணும். ஆனா யாரும் உங்களுக்காக முடிவு பண்ணி சொல்லாம நீங்களே கேட்டு நீங்களே யோசிக்கிறது இருக்கே, அதுக்காகத்தான் இதை முழுசா பாக்கச் சொல்றேன்.

இந்த நேரலை நடந்ததே பெரிய விஷயம்னு அப்புறம்தான் தெரிஞ்சுகிட்டேன். மினியாபோலிஸ் இருக்கற மினசோட்டா மாநிலத்துல கிரிமினல் வழக்குல கேமராவை சாதாரணமா உள்ள விடமாட்டாங்களாம். கோவிட்டால கோர்ட்டுக்குள்ள ஆளை விட முடியல, ரெண்டு குடும்பத்துக்கும் ஒரு ஒரு சீட்டுதான் குடுத்தாங்க. விசாரணைன்னா ஜனங்க பாக்கறமாதிரி வெளிப்படையா நடக்கணும், அதுக்கு வேற வழி இல்லன்னு நீதிபதி பீட்டர் கேஹில் உத்தரவு போட்டார். அரசு தரப்பே அதுக்கு மறுப்பு சொல்லிப் பாத்துச்சு, சாட்சிங்க பயந்துடுவாங்கன்னு. அவர் கேக்கல. அப்படித்தான் அந்த 18வது மாடி கோர்ட் எங்க ஹாலுக்கு வந்துச்சு.

கேமரா என்ன காட்டும் என்ன காட்டாதுங்கிறதுல ரொம்ப கவனமா இருந்தாங்க, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஜூரியில, அதாவது கேஸைக் கேட்டு தீர்ப்பு சொல்றதுக்காகத் தேர்ந்தெடுத்த பொதுமக்கள் குழுவுல, இருந்தவங்க முகத்தை ஒரு தடவை கூட காட்டல. வக்கீலுங்க நீதிபதிகிட்ட தனியா பேசும்போது சத்தத்தை நிறுத்திடுவாங்க. சம்பவம் நடந்தப்போ 18 வயசு ஆகாத பிள்ளைங்க சாட்சி சொன்னப்போ குரல் மட்டும்தான் வந்துச்சு. சாவின் முழங்காலை வச்சு அழுத்தினதை போன்ல வீடியோ எடுத்த டார்னெல்லா ஃபிரேஸியர், சம்பவத்தன்னிக்கு 17 வயசு, தன் கஸினான ஒரு 9 வயசு பொண்ணைக் கூட்டிட்டு கடைக்கு நொறுக்குத் தீனி வாங்கப் போனவ. அவ சாட்சி சொல்லும்போது திரையில அவ முகம் இல்ல. கோர்ட் ஹால் மட்டும் தெரியுது, ஒரு பொண்ணு அழுதுகிட்டே பேசற குரல் மட்டும் வருது. ராத்திரி ராத்திரியா முழிச்சிருந்து ஜார்ஜ் ஃபிளாய்ட்கிட்ட மன்னிப்பு கேட்டிருக்கேன், இன்னும் ஏதாவது செஞ்சிருக்கலாமோன்னு அவ சொன்னப்போ எங்க அம்மாவுக்கு இங்கிலீஷ் முழுசா புரியாது, ஆனா கேட்டுட்டு இருந்தவங்க எழுந்து அடுப்படிக்குப் போயிட்டாங்க.

அந்த வீடியோ இல்லன்னா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. 2020 மே 25ம் தேதி சம்பவம் நடந்த பிறகு அந்த ஊர் போலீஸ் வெளியிட்ட முதல் அறிக்கையில, போலீஸ் விசாரணை சமயத்துல ஒருத்தருக்கு உடம்புக்கு முடியாம போய் இறந்துட்டார்ங்கிற மாதிரிதான் இருந்துச்சு. முழங்காலைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. மறுநாளே அங்க இருந்த நாலு போலீஸ்காரங்களும் வேலையிலேர்ந்து நீக்கப்பட்டாங்கன்னா அதுக்குக் காரணம் அந்தப் பொண்ணு கை நடுங்காம புடிச்ச போன். 2021 ஜூன்ல பத்திரிகைத் துறைக்குப் பெரிய விருது குடுக்கற புலிட்சர் அமைப்பு அவளுக்கு சிறப்பு கௌரவம் குடுத்துச்சு.

முதல் சாட்சியே எனக்கு மறக்கல. 911ங்கிற அவசர உதவி நம்பரோட கட்டுப்பாட்டு அறையில வேலை பாத்த பொண்ணு. தெருவுல இருந்த கேமரா படம் அவங்க முன்னாடி சுவத்துல ஓடிட்டு இருந்திருக்கு. தலையை நிமிந்து பாக்கறாங்க, போலீஸ்காரங்க ஒருத்தரை அமுக்கிட்டு இருக்காங்க. வேலையைப் பாத்துட்டு திரும்ப நிமிந்தா அதே படம். ஸ்கிரீன் ஸ்ட்ரக் ஆயிடுச்சான்னு நினைச்சாங்களாம். அவ்வளவு நேரம் ஒண்ணுமே மாறல. அப்புறம் அவங்களே மேலதிகாரிக்கு போன் போட்டு சொல்லியிருக்காங்க. அப்பா அதைக் கேட்டுட்டு டிவியை நிறுத்தி, பின்னாடி ஓட்டி, திரும்பக் கேட்டார். முழங்கால் அழுத்திட்டு இருந்தது 9 நிமிஷம் 29 வினாடின்னு அரசு தரப்பு வக்கீல் ஜெர்ரி பிளாக்வெல் முதல் நாளே சொல்லிட்டார், ஆனா அது எவ்வளவு நீளம்னு எங்களுக்கு உறைச்சது அந்த ஸ்கிரீன் கதையிலதான்.

அப்பாவைப் பத்தி சொல்லணும். 2020ல அந்த வீடியோ வாட்ஸ்அப்ல சுத்தினப்போ அவர் பாக்க மாட்டேன்னுட்டார். நாலு வினாடி துண்டைப் பாத்துட்டு ஒரு போலீஸ்காரனைப் பேசாதீங்கன்னு எங்ககிட்ட கோபமா சொன்னவர். குடிச்சிட்டு கத்தியோட நின்னவனைப் புடிச்சு அடி வாங்கின ஆள் அவர், இடது கையில இன்னும் தழும்பு இருக்கு. அதனால எங்களுக்குள்ள அந்தப் பேச்சு வந்தாலே நான் வாயை மூடிக்குவேன். கேஸ் நேரலையா வருதுன்னு தெரிஞ்சதும் அவரா சொன்னார், "முழுசா போடறாங்களா? அப்ப பாப்போம்"னு. அந்த ஒரு வார்த்தையிலதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

ரெண்டாவது நாள் சாட்சி ஒருத்தங்க, டியூட்டியில இல்லாத தீயணைப்பு வீராங்கனை, அவசர மருத்துவ உதவி பயிற்சி முடிச்சவங்க. நடந்து போயிட்டு இருந்தவங்க பாத்துட்டு ஓடி வந்து, நாடி பாருங்க, நாடி பாருங்கன்னு கெஞ்சறாங்க, கிட்டயே விடல. இதுல நான் உடைஞ்சு போயிட்டேன்னே சொல்லணும். தெரிஞ்ச வேலை, கை ரெண்டும் சும்மா இருக்கு, பத்தடி தூரத்துல ஒரு உயிர் போகுது, தொட விடல. அந்த நிலைமையில ஒரு நாள் நிக்கறதை நினைச்சாலே எனக்கு நெஞ்சு அடைக்குது. அவங்க எதிர்தரப்பு வக்கீல் எரிக் நெல்சன்கிட்ட கொஞ்சம் எதிர்த்துப் பேசிட்டாங்க, நீதிபதி ஜூரியை வெளிய அனுப்பிட்டு அவங்களைக் கண்டிச்சார். நான் சோஃபாவுல உக்காந்துகிட்டு அந்த நீதிபதி மேல கோபப்பட்டேன். அப்பா சொன்னார், "அவர் செஞ்சதுதான் சரிமா. சாட்சிக் கூண்டுல ஏறிட்டா கேட்ட கேள்விக்குத்தான் பதில், இல்லன்னா நாளைக்கு அப்பீல்ல இதையே புடிச்சு இழுப்பான்." பழைய சப் கோர்ட்ல, ஹேவ்லாக் ஸ்குவேர்ல, எத்தனையோ தடவை யூனிஃபார்ம்ல போய் சாட்சி சொன்னவர் பேசறார், நான் கேட்டுக்கிட்டேன்.

இன்னொருத்தர் 61 வயசு பெரியவர். வீடியோவைப் போட்டுக் காட்டினப்போ ஜார்ஜ் ஃபிளாய்ட் அம்மாவைக் கூப்பிடற இடம் வந்ததும் கூண்டுலயே தேம்பித் தேம்பி அழுதுட்டார், கோர்ட்டையே கொஞ்ச நேரம் நிறுத்தினாங்க. கடையில கேஷியரா இருந்த 19 வயசுப் பையன், அந்த 20 டாலர் நோட்டு கள்ள நோட்டோன்னு சந்தேகப்பட்டவன், நான் அதை வாங்காமலே இருந்திருந்தா இது நடந்திருக்காதேன்னு சொன்னான். ஒரு 20 டாலர். டிவியைப் பாத்துட்டு அம்மா இதையேதான் திரும்பத் திரும்ப சொன்னாங்க, "இருவது வெள்ளிக்காய்யா? இருவது வெள்ளிக்கா?"

ஏப்ரல் 5ம் தேதி ராத்திரியை மட்டும் நான் தனியா சொல்லணும். அன்னிக்கு சாட்சி சொன்னவர் மினியாபோலிஸ் போலீஸ் தலைவர் மெடேரியா அராடோண்டோ. ஒரு ஊரோட போலீஸ் தலைவரே கூண்டுல ஏறி, தன் கீழ வேலை பாத்த ஆள் செஞ்சது எங்க பயிற்சியும் இல்ல, எங்க கொள்கையும் இல்ல, எங்க நெறியும் இல்லன்னு ஜூரி முன்னாடி சொன்னார். ஆள் எதிர்க்கறதை நிறுத்தினவுடனே, முக்கியமா தவிக்கிறான்னு தெரிஞ்சவுடனே விட்டிருக்கணும்னார். அதுக்கு முன்னாடி பெரிய வெள்ளி அன்னிக்கு அந்தப் படையிலயே ரொம்ப சீனியரான ஒரு அதிகாரி வந்து, விலங்கு மாட்டின ஆள் மேல அவ்வளவு பலம் தேவையே இல்லன்னு சொல்லியிருந்தார். பயிற்சி குடுக்கறவங்களும் வந்தாங்க. குப்புறப் படுக்க வச்சவனை சீக்கிரம் பக்கவாட்டுல திருப்பணும், இல்லன்னா மூச்சு போயிடும்னு தாங்கள் சொல்லிக் குடுக்கறதை சொன்னாங்க.

அப்பா அன்னிக்கு கோப்பியைத் தொடல. தலைவர் பேசி முடிச்சு இடைவேளை விட்டதும் ரொம்ப நேரம் கழிச்சு சொன்னார். "நானும் பெரிய பெரிய ஆளுங்களை அமுக்கியிருக்கேன்மா. நாலு பேர் சேந்து அமுக்கியிருக்கோம். விலங்கு மாட்டினதும் தூக்கி உக்கார வச்சிடுவோம். மாட்டின பிறகு அவன் உன் பொறுப்பு. அவன் உசுரு உன் பொறுப்பு." சாவின் அந்த இடத்துலயே ஒரு பெரியவர்கிட்ட, ஆள் பெரிய ஆளு, கட்டுப்படுத்தித்தான் ஆகணும்ங்கிற மாதிரி பதில் சொன்னது அவர் சட்டையில இருந்த போலீஸ் கேமராவுல பதிவாகியிருந்துச்சு, அதைத்தான் அப்பா மனசுல வச்சு பேசினார்னு எனக்குப் புரிஞ்சுது. அதுக்கு அப்புறம் எங்களுக்குள்ள இந்த விஷயத்துல சண்டை இல்ல. ஒரு வருஷமா நான் சொல்ல முடியாததை அந்த சாட்சிங்க ஒண்ணொண்ணா வந்து சொல்லிட்டாங்க, அதுவும் அவர் நம்புற பாஷையில, யூனிஃபார்ம் போட்டவங்க வாயால.

ஒரே ஒரு நாள் மட்டும்தான் பாக்க முடியும்னு யாராவது சொன்னா ஏப்ரல் 8ம் தேதியைப் பாக்கச் சொல்வேன். மார்ட்டின் டோபின்னு ஒரு டாக்டர், அயர்லாந்துக்காரர், சிகாகோவுல நுரையீரல் நிபுணர், வாழ்க்கை முழுக்க மூச்சை மட்டுமே ஆராய்ச்சி பண்ணினவர். இந்த சாட்சிக்கு அவர் காசு வாங்கல. என் நர்சிங் படிப்புல மூச்சைப் பத்தி இவ்வளவு தெளிவா யாரும் சொல்லிக் குடுத்ததில்ல. ஜூரியைப் பாத்து, உங்க கழுத்துல கையை வச்சுப் பாருங்கன்னார், எலும்பு எங்க, மூச்சுக்குழாய் எங்கன்னு தொட்டுக் காட்டினார். நீதிபதி இடையில, விருப்பம் இருந்தா வைங்க, கட்டாயம் இல்லன்னு சொல்ல வேண்டியதாயிடுச்சு. எங்க ஹால்ல நாங்க மூணு பேரும் கழுத்துல கையை வச்சுட்டு உக்காந்திருந்தோம்.

அன்னிக்கு அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க, அது ஜூரியில யாருக்காவது வந்திருக்கும்னு நினைக்கிறேன். "நீங்க கூட கொரோனா நோயாளியைக் குப்புறத்தானே படுக்க வைக்கிறீங்க, மூச்சு நல்லா வரும்னு? அப்புறம் இவருக்கு மட்டும் எப்படி நின்னுச்சு?" நல்ல கேள்வி. நாங்க படுக்க வைக்கும்போது நெஞ்சுக்கும் இடுப்புக்கும் தலையணை குடுத்து வயிறு அமுங்காம பாத்துக்குவோம், முதுகுல ஒரு துணி கனம் கூட இருக்காது, கூடவே ஆக்ஸிஜன், கூடவே ஆள். இங்க கீழ கெட்டியான தார் ரோடு, கை ரெண்டும் பின்னாடி விலங்குல இழுத்து மேல தள்ளியிருக்கு, கழுத்துல ஒரு முழங்கால், முதுகுல ஒரு முழங்கால். நெஞ்சு விரியணும்னா முன்பக்கம் இடம் வேணும் இல்ல பக்கவாட்டுல இடம் வேணும், ரெண்டும் இல்ல. டோபின் ஒரு படத்தைக் காட்டினார். ஜார்ஜ் ஃபிளாய்ட் விரலையும் விரல் மொளியையும் ரோட்டுலயும் கார் டயர்லயும் ஊனி, வலது நெஞ்சைக் கொஞ்சம் தூக்கி மூச்சு இழுக்கப் பாக்கறார். நான் அந்த வீடியோவை எத்தனையோ தடவை பாத்தவ, அந்த விரலை அன்னிக்குத்தான் பாத்தேன். வார்டுல மூச்சு முட்டறவங்க கட்டில் கம்பியைப் புடிப்பாங்க, அதே புடி. மூச்சு நின்ன பிறகும் 3 நிமிஷத்துக்கு மேல முழங்கால் எடுக்கப்படலன்னும் அவர் நேரம் போட்டுக் காட்டினார்.

எதிர்தரப்பு வக்கீல் நெல்சன் பக்கம் சும்மா இல்ல. அவர் கிட்டத்தட்ட தனி ஆளா அரசு தரப்போட பெரிய வக்கீல் கூட்டத்துக்கு எதிர்ல நின்னார், மரியாதையாத்தான் பேசினார். இறந்தவருக்கு இருதய நோய் இருந்துச்சு, உடம்புல ஃபென்டனில்ங்கிற போதை தர்ற வலி மருந்து இருந்துச்சு, சுத்தி நின்ன கூட்டம் சத்தம் போட்டு போலீஸ் கவனத்தைக் கலைச்சிடுச்சு, ஒரு போலீஸ்காரர் அந்த இடத்துல என்ன நினைச்சிருப்பார்னு பாக்கணும்னு வாதாடினார். துண்டு வீடியோ மட்டும் பாக்கறவங்களுக்கு இந்தப் பக்கம் தெரியவே தெரியாது. தெரிஞ்சாத்தான் பதிலும் தெரியும். ஃபென்டனிலால மூச்சு அடங்குறதா இருந்தா மூச்சு எண்ணிக்கை குறையணும், தான் வீடியோவைப் பாத்து எண்ணினப்போ நிமிஷத்துக்கு 22 இருந்துச்சு, அது சாதாரண அளவுன்னு டோபின் சொன்னார். நானும் டிவியை நிறுத்தி எண்ணிப் பாத்தேன், கஷ்டம், ஆனா எண்ணிடலாம்.

ஏப்ரல் 14, நம்ம சித்திரைப் புத்தாண்டு. வீட்ல பாயசம், வடை, காலையில கோயில். ராத்திரி எதிர்தரப்புக்காக வந்த டாக்டர் டேவிட் ஃபௌலர், பக்கத்துல நின்ன போலீஸ் கார் புகையில வந்த கார்பன் மோனாக்ஸைடும் ஒரு காரணமா இருந்திருக்கலாம்னார். மறுநாளே அரசு தரப்பு டோபினைத் திரும்பக் கூட்டிட்டு வந்துச்சு. ரத்தத்துல ஆக்ஸிஜன் 98 சதவீதம் இருந்ததா பதிவாகியிருக்கு, அப்ப மிச்சம் அதிகபட்சம் 2 சதவீதத்துக்குத்தான் இடம்னு அவர் சொன்னப்போ எனக்குக் கை தட்டணும்னு இருந்துச்சு. அன்னிக்குத்தான் சாவின், ஜூரி இல்லாத நேரத்துல, தான் சாட்சி சொல்லப்போறது இல்லன்னு நீதிபதிகிட்ட சொன்னார். மூணு வாரத்துல அவர் குரலை கோர்ட்ல நாங்க நல்லா கேட்டது அப்பதான். அப்படி சொல்றது அவரோட உரிமை, அதை வச்சு அவரைக் குத்தவாளின்னு நினைக்கக் கூடாதுன்னு நீதிபதி சொல்லுவார், இது எங்க வீட்ல எல்லாருக்கும் புதுசு. மொத்தம் 45 சாட்சி, அரசு தரப்புல 38, எதிர்தரப்புல 7.

இந்த நேரலையில குறைன்னா எனக்குப் பெரிய குறை மொழி. கீழ வர்ற தானியங்கி எழுத்து டோபினோட அயர்லாந்து உச்சரிப்புல தடுமாறிப்போச்சு, தமிழுக்கு மாத்திப் பாத்தா அர்த்தமே இல்லாம வருது. அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். அதுல மாட்டிக்கிட்டது குற்றச்சாட்டு பேருங்கதான். மூணு குற்றச்சாட்டு: இரண்டாம் நிலைக் கொலை, அதுவும் உள்நோக்கம் இல்லாதது, அப்புறம் மூன்றாம் நிலைக் கொலை, அப்புறம் கவனக்குறைவால மரணம் விளைவிச்சது. "உள்நோக்கம் இல்லாத கொலையா? அது என்னடி கொலை?"ன்னு அம்மா கேட்டாங்க. கொல்லணும்னு நினைக்கலன்னாலும், ஒருத்தரைத் தாக்கிக் காயப்படுத்தற குற்றத்தைத் தெரிஞ்சே செய்யும்போது உயிர் போயிட்டா அந்த மாநிலத்துல அதுவும் கொலைதான்னு சொல்லிப் புரிய வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. யாராவது நல்ல தமிழ்ல ஓரமா எழுத்து போட்டு வச்சா எத்தனை அம்மா அப்பா பாப்பாங்க.

ஜூரிங்கிறதும் நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு சொல்ல வேண்டியிருக்கு. நம்ம சிங்கப்பூர்ல 1969லயே ஜூரி முறையை எடுத்தாச்சு. பெரிய வக்கீலா இருந்த டேவிட் மார்ஷல் அதை எடுக்கறதை எதிர்த்துப் பேசினவர்னு அப்பா சொன்னார். இங்க நீதிபதிதான் தீர்ப்பு சொல்வார், கேமரா கிடையாது, ஆனா கோர்ட் பொது இருக்கையில யார் வேணும்னாலும் போய் உக்காரலாம், இது நிறைய பேருக்குத் தெரியாது.

அம்மா இந்தக் கேஸைப் பாத்த விதமே வேற. அவங்க மனசு முழுக்க சாத்தான்குளத்துல இருந்துச்சு. உடன்குடிக்கும் அதுக்கும் ரொம்ப தூரம் இல்ல. 2020 ஜூன் 19, ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்து ஒரு மாசம் கூட ஆகல, ஊரடங்கு நேரத்துல கடை திறந்து வச்சிருந்தாங்கன்னு செல்போன் கடைக்காரர் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் புடிச்சிட்டுப் போச்சு. கோவில்பட்டி சப் ஜெயில்ல வச்சாங்க, 22ம் தேதி ராத்திரி மகன் போனார், 23ம் தேதி விடியறதுக்குள்ள அப்பாவும் போயிட்டார். மதுரை ஹைகோர்ட் கிளை தானா முன்வந்து எடுத்துது, அப்புறம் சிபிஐ, 9 போலீஸ்காரங்க மேல குற்றப்பத்திரிகை. ஸ்டேஷனுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு சொன்னது அங்கயே வேலை பாத்த தலைமைக் காவலர் ரேவதி. அராடோண்டோ பேசின ராத்திரி அம்மா சொன்னாங்க, "அங்க தலைவர் வந்து சொல்றாரு. நம்ம ஊர்ல அந்தப் புள்ள ஒத்தையா நின்னு சொல்லிச்சு." அந்த வழக்கு மதுரை கோர்ட்ல வருஷக்கணக்கா நடந்துச்சு, அம்மா ஊருக்கு போன் போட்டுப் போட்டுத்தான் விஷயம் தெரிஞ்சுக்கிட்டாங்க. இப்படி ஒரு கேமரா அங்க இருந்திருந்தா அவங்க ஒரு நாள் விடாம பாத்திருப்பாங்க, அதுக்கு மொழிபெயர்ப்பும் தேவைப்பட்டிருக்காது.

தீர்ப்பு நாள். ஜூரி ரெண்டு நாள்ல சுமார் 10 மணி நேரம்தான் பேசினாங்க. ஏப்ரல் 21 புதன்கிழமை விடியக்காலை மூணரை இருக்கும், அப்பா என் கதவைத் தட்டறார், "முடிவு பண்ணிட்டாங்களாம், எழுந்திரு." காலை ஷிப்ட் வேற. அம்மா தே போட்டாங்க. ரமலான் மாசம், எதிர்த்த ப்ளோக்ல நோன்புக்கு முன்னாடி சாப்பிடற சஹுருக்கு எழுந்தவங்க வீட்டு அடுப்படி விளக்கெல்லாம் எரியுது, எங்க விளக்கும் எரியுது. அஞ்சு மணி தாண்டி நீதிபதி உள்ள வந்தார். மூணு குற்றச்சாட்டையும் ஒண்ணொண்ணா படிச்சார், மூணுலயும் குற்றவாளி. கேமரா சாவின் முகத்து மேலயே இருந்துச்சு, மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும் இங்கயும் அங்கயும் ஓடுது. அப்புறம் நீதிபதி 12 பேரையும் தனித்தனியா, இது உங்க தீர்ப்புதானான்னு கேட்டார், ஒவ்வொரு குரலா ஆமா ஆமான்னு வந்துச்சு. ஜாமீன் ரத்து, விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அப்பா அந்த விலங்கையே பாத்துட்டு இருந்தார். சரியா மாட்டறானான்னு பாக்கற மாதிரி இருந்துச்சு. மாட்டினவுடனே நடத்திக் கூட்டிட்டுப் போனதைப் பாத்துட்டு, "இப்படித்தான்"னு ஒரு வார்த்தை சொன்னார்.

ஜூன் 25 தண்டனை நாளையும் விட்டுடாதீங்க. ஜார்ஜ் ஃபிளாய்டோட 7 வயசு மக வீடியோவுல பேசுவா, சாவினோட அம்மாவும் வந்து பேசுவாங்க, ரெண்டையும் கேக்கணும். 22 வருஷம் 6 மாசம் குடுத்தார் நீதிபதி.

இன்னொரு விஷயம் தேடிப் பாக்கறவங்களுக்கு. அந்தக் கேஸ்ல மத்த மூணு போலீஸ்காரங்க விசாரணைக்குக் கேமராவை விட மாட்டேன்னு அதே நீதிபதி 2022ல சொல்லிட்டார், கோவிட் குறைஞ்சிடுச்சேன்னு. அதனால அதைத் தேடினா கிடைக்காது. சாவின் கேஸ் நடந்துட்டு இருக்கும்போதே, ஏப்ரல் 11ம் தேதி, பக்கத்து ஊர்ல டான்டே ரைட்னு ஒரு இளைஞனை மின்சார ஷாக் குடுக்கற டேஸர்னு நினைச்சு துப்பாக்கியால சுட்ட போலீஸ்காரி கிம் பாட்டர் வழக்கு அந்த வருஷக் கடைசியில நேரலையா வந்துச்சு, அது கிடைக்கும், அதுல வாதமே வேற மாதிரி. 2024லேர்ந்து அந்த மாநிலத்துல கேமராவை விடறது நீதிபதி முடிவுன்னு விதியைத் தளர்த்தியிருக்காங்க.

என் மார்க் 5க்கு 4. தமிழ் எழுத்து இல்லாததுக்கு ஒண்ணு குறைக்கிறேன். ஆரம்பிக்கிறவங்க மார்ச் 29லேர்ந்து வரிசையா போங்க, நாளுக்கு ஒரு சாட்சி போதும். வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடுவாங்க, சின்னப் பிள்ளைங்க இருக்கற நேரத்துல வேணாம். ராத்திரி தனியா பாக்காதீங்க, அதுவும் ஏப்ரல் 8ஐ. அப்பாவோ அம்மாவோ யாராவது பக்கத்துல இருக்கட்டும்.